மருந்துத் துண்டு

ஊவா மலைநாட்டுத் தோட்டங்களில் முதுமை எய்தியோர் பலருக்கு நினைவில் நிற்கும் பொருள்களுள் ஒன்று, டிஸ்பென்சரியிலிருந்து லயத்துக்கு வரும் தண்ணி மருந்துப் போத்தல். அதன் பக்கத்தில் நீண்டதொரு காகிதக் கீற்று ஒட்டப்பட்டிருக்கும். கீற்றின் ஓரம் பற்பற்களாய்க் கத்தரிக்கப்பட்டிருக்கும். ஒரு பல் ஒரு வேளைக்குரிய அளவு. எழுத்தறியாத தாயும் அந்தப் பல்லைப் பார்த்தே பிள்ளைக்கு மருந்தை வார்த்துவிடுவாள். மருந்தின் நிறமும் கசப்பும் மறந்து போயினும் அந்தக் காகிதக் கீற்று பலருக்கு மறக்கவில்லை. மருந்து வேறு, அதன் அளவு வேறு என்றில்லாமல், அளவும் மருந்தோடு ஒட்டியே வீடு வந்து சேர்ந்தது.

இன்று போத்தலுக்குப் பதிலாகப் பளபளக்கும் தகட்டட்டையில் மாத்திரைகள் வருகின்றன. மருந்தின் ஆற்றல் பன்மடங்கு பெருகியிருக்கிறது. ஆனால் அந்தக் காகிதக் கீற்று மட்டும் உதிர்ந்து போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பசறையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் ஹாலி எலயிலிருந்தும் பதுளை நகருக்குச் சாமான் வாங்க இறங்கி வருவோரைக் கவனிப்பவர்கள் ஒரு காட்சியை அறிவார்கள். அரிசி, மா, சீனி எல்லாம் வாங்கி முடித்தபின், மருந்துக் கடை வாசலில் ஒருவர் மடியிலிருந்து வெறும் தகட்டட்டை ஒன்றை எடுத்து நீட்டுகிறார். "தம்பி, இதே மாதிரியில பத்துக் குடுங்க" என்கிறார். அந்த அட்டை சில வேளை அவருடையதுமன்று. அடுத்த காம்பராவிலிருக்கும் மதினியுடையது. மதினிக்குக் கேட்ட மருந்து தமக்கும் கேட்கும் என்ற நம்பிக்கையோடு அவர் வந்திருக்கிறார்.

நன்மை செய்யவென்றே கண்டுபிடிக்கப்பட்ட பொருள் இந்த இடத்திலேதான் தீமைக்கு வாயிலாகிறது. கள்ளச் சாராயத்தையும் கஞ்சாவையும் பற்றி எச்சரிக்காதவர் இல்லை. வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தே, எழுதிய முறை தவறும்போது நஞ்சாகும் என்பதைச் சொல்வோர் மிகச் சிலர்.

மலையகத்தில் வைத்தியர் எழுதித் தரும் சிட்டையைத் 'துண்டு' என்றே சொல்வது வழக்கம். இந்தச் சொல்லுக்குத் தோட்டங்களில் வேறொரு பழைய வரலாறும் உண்டு. கங்காணி முறை செழித்திருந்த காலத்தில், தொழிலாளர் கூட்டமொன்று பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கத் தடையில்லை என்று துரைமார் எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் துண்டு என்றே பெயர். அந்தத் துண்டைக் கையிற்கொண்டு கங்காணி தோட்டந் தோட்டமாக அலைவான். மனிதர் கடனோடு சேர்த்துக் கைமாறுவர். 1921 ஆம் ஆண்டு அந்த முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அந்தத் துண்டு தொழிலாளியைக் கட்டி வைத்தது. வைத்தியர் தரும் துண்டோ அவருக்குக் காவலாய் நிற்பது. கட்டி வைத்த துண்டை ஒழித்த சமுதாயம், காத்து நிற்கும் துண்டையும் தூக்கியெறிந்துவிடலாகாது.

அந்தச் சிறிய காகிதத்தில் என்னதான் இருக்கிறது? நான்கு செய்திகள் இருக்கின்றன. இந்த மருந்து இன்னாருக்கு என்பது ஒன்று. ஒரு வேளைக்கு இவ்வளவு என்பது இரண்டு. இந்த நேரத்தில், உணவுக்கு முன் அல்லது பின் என்பது மூன்று. இத்தனை நாட்களுக்கு என்பது நான்கு. ஆள், அளவு, நேரம், நாள் என்னும் இந்த நான்கும் மருந்துக்கு நான்கு சுவர்கள். எந்தச் சுவர் இடிந்தாலும் அந்த வழியே ஆபத்து உள்ளே புகும்.

முதலில் நாளென்னும் சுவரைப் பார்க்கலாம். தொண்டை நோவும் காய்ச்சலுமாய் வந்த ஒரு பிள்ளைக்கு வைத்தியர் பெனிசிலின் மாத்திரையைப் பத்து நாட்களுக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்க. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிகிறது; பிள்ளை ஓடியாடுகிறது. 'சுகமாகிவிட்டது, எஞ்சிய மாத்திரையை அடுத்த முறைக்கு வைக்கலாம்' என்று தாய் சிக்கனமாக எண்ணி அதைப் பொதிந்து சுவாமிப் படத்தின் பின்னால் வைத்துவிடுகிறாள். அந்தத் தொண்டை நோய்க்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமி காரணமாக இருந்தால், காய்ச்சல் தணிந்த பின்னும் அது முற்றாக அழிந்திராது. சில வாரங்கள் கழித்து மூட்டு வீக்கத்தோடு வாதக் காய்ச்சல் தோன்றலாம். அது இருதயத்தின் கதவங்களைப் பழுதாக்கிவிடலாம். வைத்தியர் பத்து நாளென்று எழுதியது தொண்டைக்காக மட்டுமன்று, இருதயத்துக்காகவும்தான். மிச்சம் பிடித்த ஏழு நாள் மாத்திரையின் விலை ஒரு பிள்ளையின் ஆயுட்கால நோயாக முடியக்கூடும்.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் இதே பகுதியில் வேறோர் ஆபத்தையும் முன்னரே கண்டார். 1928 ஆம் ஆண்டு இலண்டன் சென்ட் மேரி ஆஸ்பத்திரியில் அவர் கண்ட பூஞ்சணம் பின்னர் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. 1945 ஆம் ஆண்டு புளோரி, செயின் ஆகிய இருவரோடும் நோபல் பரிசைப் பெற்றபோது நிகழ்த்திய உரையிலேயே, போதாத அளவில் இம்மருந்தை உட்கொள்பவர் கிருமியைக் கொல்லாமல், மருந்தை எதிர்த்து நிற்க அதற்குப் பயிற்சி கொடுத்தவராவார் என்று அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பலித்துவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமிகளின் தொற்றே நேர்க் காரணமாக 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஆய்வறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். சளிக்கும் சாதாரணத் தடிமனுக்கும் காரணம் வைரசு. அதன்மீது அமொக்சிசிலின் போன்ற கிருமிக்கொல்லிகள் செல்லா. எனினும் தடிமன் பிடித்தவுடன் 'இரண்டு கப்சியூல்' கேட்டு வாங்கும் பழக்கம் ஊரெங்கும் உண்டு. இது தனியொருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் தீங்கு மட்டுமன்று. ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் நெருங்கி வாழும் லயத்தில், ஒரு வீட்டில் வலுப்பெற்ற கிருமிக்கு அடுத்த வீடு தூரமன்று.

இனி, ஆளென்னும் சுவர். ஒருவருக்குரிய மருந்து மற்றவருக்கு ஆகாது என்பதற்கு ஸ்டீரொயிட் மருந்துகள் தக்க சான்று. மூட்டு வாதத்தால் படுக்கையிற் கிடந்த ஒரு பெண்ணுக்கு 1948 ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹென்ச் கோட்டிசோன் மருந்தைக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950 ஆம் ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் விரைவிலேயே அதன் மறுபக்கமும் தெரிந்தது. அந்த இனத்தைச் சேர்ந்த பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன் முதலியவை வைத்தியரின் கண்காணிப்பில் உயிர் காப்பவை. கண்காணிப்பின்றி மாதக்கணக்கில் உண்டால் முகம் உப்பும், இரத்தத்தில் சீனி ஏறும், எலும்பு நொய்யும், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும். உள்ளே பரவும் தொற்றின் காய்ச்சலைக்கூட அவை மறைத்துவிடும். நீண்ட நாள் உண்டவர் திடீரென நிறுத்தினாலோ இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இளைத்த பிள்ளை கொழுக்குமென்றும் முழங்கால் நோவு பறக்குமென்றும் நம்பி, பெயரறியாத சிறு மாத்திரையைக் கைமாற்றாக வாங்கி உண்போர் இதை அறியார். முகம் வெளுக்குமென்று ஸ்டீரொயிட் கலந்த களிம்பை நாடோறும் பூசும் இளம் பெண்களின் தோலும் மெலிந்து, சிவந்து, பருக்கள் நிறைந்து வருந்தும்.

மூன்றாவது, அளவு. இலங்கையில் பனடோல் என்னும் பெயரை அறியாத வீடில்லை. அது பரசிட்டமோல் என்னும் மருந்தின் வணிகப் பெயர்களுள் ஒன்று. 500 மில்லிகிராம் கொண்ட மாத்திரை வளர்ந்தோருக்கு ஒரு வேளைக்கு இரண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எட்டும் மேல் வரம்பு. மெலிந்தவர்க்கும், குடிப்பழக்கமுள்ளவர்க்கும், ஈரல் நோயாளிக்கும் அதுவும் அதிகம். பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்தன்று, உடல் நிறையைப் பார்த்தே அளவு வகுக்கப்படும். இந்த எல்லை கடந்தால் அழிவது ஈரல். கொடுமை என்னவெனில், முதல் நாள் பெரிதாய் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாட்களின் பின்பே ஈரல் பழுதான குறிகள் தலைகாட்டும். முறிமருந்து உண்டு, முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிகச் சிறந்த பயன் தரும். ஆகவே, அளவு மீறி விழுங்கியவர் 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று வீட்டில் வைத்துப் பார்த்திருத்தல் தகாது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. தலைநோவுக்கு ஒன்று, தடிமனுக்கு வேறொன்று, உடம்பு உளைவுக்கு மற்றொன்று எனப் பெயர் வேறு வேறாக மூன்று மாத்திரை உண்பவர், மூன்றிலும் பரசிட்டமோலே அடங்கியிருப்பதை அறியாமல் மும்மடங்கு உண்கிறார். பெட்டியின் மேல் பெரிய எழுத்திலிருப்பது கம்பனி சூட்டிய பெயர். சிறிய எழுத்திலிருப்பதே மருந்தின் உண்மைப் பெயர். கம்பனிக்குக் கம்பனி சூட்டிய பெயர் மாறும். உண்மைப் பெயரைப் படித்தாலன்றி இந்தக் கண்ணியிலிருந்து தப்ப இயலாது.

இந்தச் சிறிய எழுத்தின் மதிப்பை நாட்டுக்கு உணர்த்தியவர் ஊவாவின் பிபிலைக் குடும்பத்தில் தோன்றியவரே என்பது இம்மாகாணத்தார் பெருமையோடு நினைக்கத் தக்கது. பேராசிரியர் சேனக பிபிலே 1920 ஆம் ஆண்டு பிறந்தவர். இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியர். ஒரே மருந்து பல பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுவதால் ஏழைக்குப் பொருள் நட்டமும், வைத்தியத்துறைக்குக் குழப்பமும் விளைவதை அவர் கண்டார். 1971 ஆம் ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். உண்மைப் பெயரில் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் முறை அவரால் நிலைபெற்றது. இறக்குமதியான மருந்து வகைகள் ஏறத்தாழ 2,100 இலிருந்து 600 ஆகக் குறைக்கப்பட்டன. அவர் 1977 ஆம் ஆண்டு கயானா நாட்டில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். தேவையான மருந்து, தேவையானவர்க்கு, தாங்கக்கூடிய விலையில் என்பதே அவர் கொள்கை. தேவையில்லாதவர்க்குத் தேவையில்லாத மருந்து போய்ச் சேர்வது அக்கொள்கைக்கு நேர்மாறானது.

தோட்டத்துத் தாய்மாரின் தனிப்பட்ட துயர் ஒன்று நோவு மாத்திரையோடு பிணைந்திருக்கிறது. தலையில் கயிறு மாட்டி முதுகிற் கூடை தாங்கி, செங்குத்தான மலையில் மழையிலும் பனியிலும் நாள் முழுதும் நின்று, குறித்த நிறைக் கொழுந்தை எடுத்துக் காட்டினாலன்றி முழுப் பேர் கிடைக்காது. குறைந்தால் அரைப் பேர். இடுப்பும் முழங்காலும் உளையாமல் என்ன செய்யும்? காலையில் ஒரு டைக்ளோபெனாக், மாலையில் ஒன்று என்று உண்டு உடலை ஓட்டுபவர் உளர். அந்த இனத்து மருந்து வெறும் வயிற்றில் குடற்புண்ணை உண்டாக்கும். இரத்தம் கசியச் செய்யும். நெடுநாள் உண்பவரின் சிறுநீரகத்தைச் சிதைக்கும். பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதி, 1990 களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோயால் பெரிதும் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. அந்நோயின் காரணம் இன்னும் அறுதியாக நிறுவப்படவில்லை. எனினும் பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு இந்த நோவு மாத்திரைகள் மேலும் கேடு செய்யும் என்பதில் ஐயமில்லை. டெங்குக் காய்ச்சலிலோ அவை குருதிப் பெருக்கைத் தூண்டக்கூடியவை. 2017 ஆம் ஆண்டு இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவான வேளையில், காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் அன்றி இவ்வகை மாத்திரை கூடாதென்று சுகாதாரத் துறையினர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தியது இதனாலேயே.

நான்காவது சுவர், நேரம். பதுளைத் தோட்டமொன்றில் நீரிழிவுள்ள ஒரு தொழிலாளி சீனி குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு காலைப் பெரட்டுக்கு ஓடுகிறார் என்று கொள்க. சில வகை மாத்திரைகள் உணவில்லாத வயிற்றில் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், கண்மயக்கம் தோன்றி, செங்குத்து மலையில் அவர் சாய்ந்துவிடலாம். பசி மயக்கமென்றும் காற்றுக் கருப்பென்றும் அருகிலுள்ளோர் எண்ணலாம். ஒரு பிடி சீனியை வாயிலிட்டால் தெளியக்கூடியவர், காரணம் தெரியாமையால் உயிரிழக்கவும் கூடும். நினைவு தவறியவர் வாயில் மட்டும் எதையும் இடாது ஆஸ்பத்திரிக்கே கொண்டு செல்ல வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையை 'இன்று தலை சுற்றவில்லை' என்று தாமே நிறுத்துவோரும் இப்படியே தம்மை ஏமாற்றிக்கொள்கிறார்கள். அந்நோய் பெரும்பாலும் குறி காட்டாமலே பக்கவாதத்தைக் கொண்டுவருவது.

மேற்சொன்னவை அறியாமையால் நேர்பவை. அறிந்தே செய்யும் பிழையும் இன்று பரவுகிறது. நரம்பு நோவுக்கென ஆக்கப்பட்ட பிரெகபலின் கப்சியூலையும், கடும் நோவுக்குரிய டிரமடோல் மாத்திரையையும் மயக்கத்துக்காக விழுங்கும் இளைஞர் இலங்கையின் பல பகுதிகளிலும் காணப்படுகின்றனர். மருந்துக் கடையில் கிடைப்பதாற் கேடில்லை என்று அவர்கள் தம்மைத் தேற்றிக்கொள்கிறார்கள். டிரமடோல் அபினின் குணத்தைக் கொண்டது. அளவு மிஞ்சினால் வலிப்பு வரும், மூச்சு அடங்கும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் ஆபத்து மேலும் பெருகும். பழகியபின் நிறுத்த முயன்றால் உடல் நடுங்கும், உறக்கம் போகும், மீண்டும் அதையே தேடும். ஐக்கிய அமெரிக்காவில் 1990 களின் பிற்பகுதியில் வைத்தியர்கள் நோவுக்குத் தாராளமாக எழுதிய அபினின மாத்திரைகளே பெருந்தீயின் முதற் பொறியாயின. அந்தத் தீ பின்னர் கள்ளச் சந்தைக்கும் பரவி, 2021 ஆம் ஆண்டில் மட்டும் அளவு மீறிய போதைமருந்துகளால் அங்கே இறந்தோர் தொகை 1 லட்சத்தைத் தாண்டிற்று. செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த நாட்டுக்கே அந்தக் கதியென்றால், சிறியதொரு மலைநாட்டுச் சமுதாயம் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

எனினும், மக்களை மட்டும் குறைகூறி முடித்துவிடுவது நீதியாகாது. துண்டில்லாமல் மருந்து வாங்குவோர்க்கு அதற்கான காரணங்கள் இருக்கின்றன. தோட்டங்களின் வைத்திய வசதிக்கென 1872 ஆம் ஆண்டிலேயே, கோப்பிக் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. 1912 இல் அது புதுப்பிக்கப்பட்டது. அவ்வழியே வளர்ந்த தோட்ட டிஸ்பென்சரிகளில் தகுதி பெற்ற வைத்தியர் எப்போதும் இருந்ததில்லை. 1990 களின் நடுப்பகுதி தொடங்கித் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது நன்மையே. ஆயினும் மேல் மலையிலுள்ள ஒரு லயத்திலிருந்து நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒரு நாட் சம்பளம் போகும். பாதையில் பஸ்ஸுக்கோ முச்சக்கர வண்டிக்கோ காசு போகும். நீண்ட வரிசையில் அரை நாள் போகும். மருந்துக் கடையில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டு விலையும் ஏறியபோது, இருப்பதைப் பகிர்ந்து உண்பது பலருக்குச் சிக்கனமாகவே தோன்றியிருக்கும்.

இவற்றோடு மொழியும் ஒரு தடை. 1987 ஆம் ஆண்டு முதல் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. ஆனால் மாத்திரை உறையின்மேல் எழுதியிருப்பதை வாசித்தறியத் தோட்டத்துத் தாயால் எல்லா வேளையும் இயல்வதில்லை. அது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் அவள் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடுகிறாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, ஆச்சியின் இருதய மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்றா மூன்றா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவளாகிறாள். அவள் தவறாகப் படித்தால் குற்றம் யாருடையது? பல்வெட்டிய காகிதக் கீற்று எந்த மொழியும் தேவைப்படாமல் செய்த வேலையை, மூன்று மொழி வழங்கும் நாடு செய்யாமலிருப்பது வருந்தத் தக்கது. தமிழில் இரண்டு வரி, அதற்கும் இடமில்லையேல் சூரியனும் சந்திரனும் வரைந்த ஒரு குறி. இவை பெரிய செலவல்ல, உயிர் காக்கும் செலவு.

சட்டமும் தன் கடமையை வகுத்திருக்கிறது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை நிறுவப்பட்டது. பதிவு பெற்ற மருந்தாளர் இருந்தே மருந்து வழங்க வேண்டும். கிருமிக்கொல்லி முதலியவற்றைத் துண்டின்றிக் கொடுத்தல் ஆகாது. இந்தியாவிலும் 2014 ஆம் ஆண்டு முதல் 46 மருந்துகள் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டு, அவற்றை விற்கும்போது வைத்தியரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் புத்தகத்திற் பதியுமாறு விதிக்கப்பட்டது. ஆனால் விதியைக் காப்பவர் ஈற்றில் கடை மேசையின் இரு பக்கத்திலும் நிற்கும் இரு மனிதரே. துண்டு கேட்கும் மருந்தாளரைக் கோபிப்பது நோயாளியின் அறியாமை. துண்டு கேட்காத மருந்தாளரை நல்லவரென்று புகழ்வது அதனினும் பெரிய அறியாமை.

அப்படியானால் ஒரு குடும்பம் செய்யக்கூடியது என்ன? மருந்து வாங்கும்போதே நான்கு கேள்விகளைக் கேட்டுத் தெளிய வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள். தமிழில் எழுதித் தருமாறு கேட்பதற்குக் கூசலாகாது, அது உரிமை. உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரே பையிலிட்டு, கிளினிக் புத்தகத்தோடு ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கருவுற்ற தாய் எந்த மாத்திரையையும் வைத்தியரையோ மருத்துவ மாதுவையோ கேளாமல் உண்ணலாகாது. 1950 களின் பிற்பகுதியில் தலிடோமைட் என்னும் மாத்திரையை உண்ட தாய்மாருக்குக் கைகால் குறைபட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கிற் பிறந்ததை உலகம் மறக்கவில்லை. எஞ்சிய மாத்திரையைச் சுவாமிப் படத்தின் பின்னே சேமிக்காமல், மருந்தாளரிடமோ ஆஸ்பத்திரியிலோ ஒப்படைக்கும் வழியைக் கேட்க வேண்டும். வீட்டிலுள்ள மருந்து பிள்ளைகளுக்கும், மனம் நொந்திருப்போருக்கும் எட்டாதவாறு பூட்டிலிருக்க வேண்டும். தவறி விழுங்கியவரை உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாமல், விழுங்கிய மாத்திரையின் அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மனச்சோர்வால் தவிப்பவர் 1926 என்னும் இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம். மயக்க மாத்திரையிற் சிக்கிய பிள்ளையை அடித்து விரட்டுவதனால் அவன் திருந்தான். அவனும் ஒரு நோயாளியே, அவனுக்கும் வைத்தியம் உண்டு.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆஸ்பத்திரித் துண்டோடு வருபவருக்கு அன்றைய பேரை வெட்டாமலிருந்தால், வெறும் அட்டையோடு கடைக்குச் செல்பவர் தொகை குறையும். பிள்ளை மடுவத்திலும் பாடசாலையிலும் மாதத்தில் ஒரு நாள், மாத்திரை உறையை வாசிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தால், ஆச்சிக்காக வாசிக்கும் சிறுமி தடுமாறமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்கு இறங்கும் அந்தத் தாய், வெறும் தகட்டட்டைக்குப் பதிலாக மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டும் நாள் வர வேண்டும். மருந்தாளர் அதை வாசித்து, மாத்திரையை உறையிலிட்டு, "அம்மா, காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, ஏழு நாளைக்கு" என்று அவள் மொழியிற் சொல்லி, அதையே எழுதியும் கொடுப்பாரானால், பழைய போத்தலிலிருந்து உதிர்ந்த காகிதக் கீற்று மீண்டும் மருந்தோடு ஒட்டிக்கொண்டதாகும்.